ஒயரைப் பிடித்துக்கொண்டே போங்கள்: ஹோம் தியேட்டர் கேள்வி பதில்

போன இதழில் சவுண்ட்பார் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே ராகம்தான்: "எல்லாத்தையும் மாட்டிட்டேன் சார், ஆனா..." அந்த ஆனாக்களில் ஏழு கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். படிக்கும் முன் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் உங்கள் வீட்டுப் பெட்டிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, சத்தம் எந்தப் பெட்டியில் பிறக்கிறது, எந்தப் பெட்டிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல பேருக்கு அந்தத் தாளிலேயே விடை கிடைத்துவிடும், கீழே படிக்கவே வேண்டாம்.

கேள்வி: புதிதாக 55 இன்ச் 4கே டிவி வாங்கினோம். பத்து வருடப் பழைய 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு வூஃபருக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இன்னும் நன்றாக இருக்கிறது. செட்டாப் பாக்ஸ் பார்த்தால் எல்லா ஸ்பீக்கரும் பாடுகின்றன. ஆனால் டிவிக்குள் இருக்கும் ஓடிடி ஆப்பில் படம் போட்டால் டிவி ஸ்பீக்கரில் மட்டும்தான் சத்தம். கடைக்காரர் "ரிசீவர் பழசு சார், மாத்திடுங்க" என்கிறார். மாற்ற வேண்டுமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: வேண்டாம், பணத்தைப் பையிலேயே வையுங்கள். உங்கள் அம்புக்குறியைப் பாருங்கள். செட்டாப் பாக்ஸின் ஒயர் முதலில் ரிசீவருக்குப் போகிறது, அங்கே சத்தத்தை இறக்கிவிட்டுப் படம் மட்டும் டிவிக்குப் போகிறது. அதனால் அதில் பிரச்சினை இல்லை. ஓடிடி ஆப் இருப்பதோ டிவிக்குள். சத்தம் டிவியில் பிறக்கிறது, அது ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டும். ஒருவழிப் பாதையில் எதிர்த்து வருகிற பஸ் மாதிரி. அதற்கென்றே 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4இல் ஆடியோ ரிட்டர்ன் சேனல், சுருக்கமாக ஏஆர்சி, என்று ஒரு வசதி வைத்தார்கள். படம் போகும் அதே கேபிளில் சத்தம் திரும்பி வரும்.

ரிசீவர் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். எச்டிஎம்ஐ அவுட் என்று இருக்கும் ஓட்டைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏஆர்சி என்று போட்டிருக்கும், பத்து வருட ரிசீவரில் இருக்கவே வாய்ப்பு அதிகம். டிவியில் மூன்று நாலு எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் ஒன்றே ஒன்றில்தான் அந்த எழுத்து இருக்கும். அது ஒன்றாம் நம்பராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தொண்ணூறு வீட்டில் தவறு இங்கேதான் என்று கணக்குச் சொல்ல மாட்டேன், ஆனால் நான் போய்ப் பார்த்த வீடுகளில் முதலில் பார்ப்பது இதைத்தான். அந்த இரண்டு ஓட்டைகளும் ஒரே கேபிளால் இணைந்திருக்க வேண்டும்.

மாட்டியபின்னும் ஊமையாக இருந்தால் மெனுவுக்குப் போங்கள். ஏஆர்சி வேலை செய்யப் பெரும்பாலும் சிஇசி என்ற, பெட்டிகள் ஒன்றையொன்று இயக்கிக்கொள்ளும் இன்னொரு வசதி ஆன் ஆகியிருக்க வேண்டும். அதற்கு ஆளாளுக்கு ஒரு செல்லப்பெயர். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். டிவியில் ஆன், ரிசீவரிலும் ஆன். அப்புறம் டிவியின் சவுண்ட் அவுட்புட்டில் ரிசீவரைத் தேர்ந்தெடுங்கள். அதே பக்கத்தில் டிஜிட்டல் ஆடியோ ஃபார்மட் என்று ஒன்று இருக்கும். அது பிசிஎம் என்று இருந்தால் ஏஆர்சி வழியாக இரண்டே சேனல், அதாவது இடது வலது என்று இரண்டு ஒலித்தடம்தான் வரும், பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆட்டோ அல்லது பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றுங்கள். கடைசியாக, இரண்டு பெட்டியின் ப்ளக்கையும் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டு மாட்டுங்கள். சிரிக்காதீர்கள், எச்டிஎம்ஐ சாதனங்கள் ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்வதில் சில சமயம் முகம் திருப்பிக்கொள்ளும், ரிமோட்டில் ஆஃப் செய்வது போதாது.

ரிசீவரில் ஏஆர்சியே இல்லையா? அப்போதும் வழி உண்டு. டிவியின் பின்னால் சின்னக் கதவு மாதிரி ஒரு சதுர ஓட்டை, உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும், அதுதான் ஆப்டிகல். தோஷிபா 1983இல் கொண்டுவந்த சங்கதி, இன்றும் உழைக்கிறது. ஆறு சேனல் சத்தத்தைச் சுருக்கி அனுப்பும் டால்பி டிஜிட்டல் 5.1 அதில் தாராளமாகப் போகும். டால்பி டிஜிட்டல் பிளஸ், தலைக்கு மேலிருந்தும் சத்தம் காட்டும் அட்மாஸ் எல்லாம் போகாது, ஆனால் உங்கள் ரிசீவருக்கு அட்மாஸ் தெரியாதபோது அது நஷ்டமில்லை. புதுக் கேபிளின் இரண்டு முனையிலும் மிளகு அளவுக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள். கழற்றாமல் அழுத்திப் பார்த்து ஓட்டையின் கதவை உடைத்தவர்கள் உண்டு.

இன்னொன்று. 4கே ப்ளேயர் ஏதாவது வாங்கினால் அதை ரிசீவர் வழியாக விடாதீர்கள். பழைய ரிசீவர்கள் 4கே படத்தின் காப்புப்பூட்டான எச்டிசிபி 2.2ஐப் புரிந்துகொள்ளாது, திரை கறுப்பாகிவிடும் அல்லது படம் 1080 என்ற குறைந்த துல்லியத்துக்கு இறங்கிவிடும். ப்ளேயரை நேராக டிவியில் மாட்டி, சத்தத்தை மட்டும் ஏஆர்சியில் திருப்பி வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் இருப்பது அசெம்பிள்டு 5.1 ஆம்ப். பின்னால் ஆறு ஆர்சிஏ பின் (சிவப்பு வெள்ளை ஒயர் செருகும் வட்ட ஓட்டை). டிவியிலிருந்து சிவப்பு வெள்ளை மாட்டினால் எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே பாட்டு. ஒரிஜினல் 5.1 வர என்ன செய்ய வேண்டும்? (தேனி வாசகர்)

பதில்: அசெம்பிள்டு ஆம்ப் என்றதும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் எல்ஏ4440 என்ற ஆம்ப் ஐசி ஒன்றும் ஹீட் சிங்கும் வாங்கிக்கொண்டு மின்சார ரயிலில் மடியில் வைத்து வந்த தலைமுறை நாங்கள். இரண்டு சேனலுக்கும் தலா ஆறு வாட்ஸ்தான், தெருவே கேட்கும் என்று நம்பினோம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து இரண்டே சேனல். இரண்டு செம்புத் தண்ணீரை ஆறு குடத்தில் ஊற்றினால் ஆறு குடமும் நிறையாது. உங்கள் ஆம்பில் ப்ரோலாஜிக் போர்டு இருந்தால் அது செய்வது பெரும்பாலும் இவ்வளவுதான்: இடது வலது இரண்டையும் கூட்டி நடு ஸ்பீக்கருக்கு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பின் ஸ்பீக்கருக்கு, தாழ்ந்த சத்தத்தை மட்டும் வடிகட்டி வூஃபருக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கும், பழைய பாட்டுக்கு அதுவே போதும் என்பது என் கட்சி. ஆனால் படத்தில் ஹெலிகாப்டர் பின்னாலிருந்து முன்னால் வருவதை அது அப்படியே காட்டாது.

உங்களுக்குத் தேவை ஒரு டிகோடர் பெட்டி. உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் ஆப்டிகல், இன்னொரு பக்கம் ஆறு ஆர்சிஏ. டிவியின் ஆப்டிகலை அதில் விட்டால் டால்பி டிஜிட்டலைப் பிரித்து ஆறு சேனலாகக் கொடுக்கும், அந்த ஆறையும் ஆம்பின் ஆறில் மாட்ட வேண்டும். டிவி மெனுவில் டால்பி டிஜிட்டல் என்றே தேர்ந்தெடுங்கள், பிசிஎம் என்று விட்டால் திரும்பவும் இரண்டு செம்புத் தண்ணீர்தான். வாங்கும்போது "டிடிஎஸ் எடுக்குமா, டால்பி எடுக்குமா" என்று இரண்டையும் கேட்டு, முடிந்தால் கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள்.

மாட்டும்போது நடுவும் வூஃபரும் ஒரே ஜோடியில் வரும், அங்கேதான் மாறிப்போகும். மாறிவிட்டால் வசனம் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல வூஃபரிலிருந்து வரும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மஞ்சள் பின் படத்துக்கு. அதைத் தவறிப்போய் ஆம்பில் செருகினால் "ஜ்ர்ர்ர்" என்று கத்தும். ஒன்றும் ஆகாது, உடனே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆம்பை ஆன் செய்தாலே ஊஊம் என்று ஒரு இரைச்சல். வால்யூமைக் குறைத்தாலும் போகவில்லை. மெக்கானிக் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்கிறார். (கும்பகோணம் வாசகி)

பதில்: அம்மா, எர்த் பின்னில் கை வைக்கவே வைக்காதீர்கள். இரைச்சல் போகும், கூடவே உங்கள் பாதுகாப்பும் போகும். நாளைக்கு ஆம்புக்குள் ஏதாவது ஒயர் உருகிப் பெட்டியின் தகரத்தில் பட்டால், அந்த மின்சாரம் தரைக்கு இறங்க இருக்கும் ஒரே வழி அந்தப் பின்தான். அது இல்லாவிட்டால் தொடுகிற ஆள்தான் வழி.

அந்த ஊஊம் நம் வீட்டுக் கரண்டின் குரல், 50 ஹெர்ட்ஸ். உங்கள் பெட்டிகள் இரண்டு வேறு இடங்களில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டு எர்த்துக்கும் நடுவே ஒரு வளையம் உண்டாகிறது, அதில் சுற்றும் சின்ன மின்னோட்டத்தைத்தான் ஆம்ப் பெரிதாக்கிப் பாடிக் காட்டுகிறது. எது குற்றவாளி என்று பிடிப்பது எளிது. இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே செட்டாப் பாக்ஸின் பின்னால் வரும் ஆன்டெனா ஒயரை, அதாவது மாடியிலிருந்து வரும் அந்தத் திருகு ஒயரை, கழற்றிப் பாருங்கள். சட்டென்று அமைதியானால் குற்றவாளி அதுதான். அமைதியாகவில்லை என்றால் ஆம்பின் உள்ளே வரும் ஆர்சிஏ ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எல்லாம் கழற்றியும் ஊஊம் என்றால் ஆம்புக்குள்ளேயே கோளாறு, டிரான்ஸ்பார்மரையோ ஃபில்டர் கண்டென்சரையோ பார்க்க வேண்டும்.

ஆன்டெனா ஒயர்தான் என்று தெரிந்துவிட்டால் கேபிள் டிவி வீடுகளில் கால்வனிக் ஐசொலேட்டர் என்ற சின்னத் திருகுத் துண்டை நடுவில் போட்டால் போதும். டிடிஎச் வீட்டில் அதைப் போட்டுவிடாதீர்கள்! டிஷ் குடையின் மூக்கில் இருக்கும் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அதே ஒயரில்தான் ஏறிப் போகிறது. ஐசொலேட்டர் அதையும் தடுத்துவிடும், சிக்னல் இல்லை என்று திரை நிற்கும். டிடிஎச் வீட்டுக்கு நான் சொல்வது ஆப்டிகல். அதில் போவது வெளிச்சம், செம்பு இல்லை. செம்பு இல்லாத இடத்தில் வளையம் ஏது? அதற்கு முன் காசில்லாத வைத்தியம் ஒன்றையும் செய்து பாருங்கள். டிவி, பாக்ஸ், ஆம்ப் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், நல்ல எர்த் உள்ள ஒரே ப்ளக் பாயின்டிலிருந்து கொடுங்கள். பாதி இரைச்சல் அதிலேயே அடங்கக்கூடும்.

கேள்வி: விலை அதிகமான, தங்க முலாம் பூசிய எச்டிஎம்ஐ கேபிள் போட்டால் படம் பளிச்சென்று வருமா? (ஓசூர் வாசகர்)

பதில்: வராது. ஒன்றும் பூஜ்யமும் போய்ச் சேர்ந்தால் படம், சேராவிட்டால் புள்ளி புள்ளியாக மின்னும் அல்லது திரை அணைந்து அணைந்து வரும். நடுவில் "கொஞ்சம் பளிச்" என்பதே கிடையாது. கேபிளின் மேல் உள்ள ரகத்தை மட்டும் பாருங்கள்: சாதாரண 4கேவுக்கு 18 ஜிகாபிட் தாங்கும் ப்ரீமியம் ஹைஸ்பீட் போதும், புது கேம் கன்சோல் வைத்து 120 ஃப்ரேமில் விளையாடும் பிள்ளைகள் இருந்தால் 48 ஜிகாபிட் அல்ட்ரா ஹைஸ்பீட். மிச்சக் காசில் நல்ல ஸ்பீக்கர் ஒயர் வாங்குங்கள்.

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம், அடுத்த வாரம் ஹால் கான்கிரீட். பிற்பாடு புரொஜெக்டரும் 5.1ம் வைக்க ஆசை. எலக்ட்ரீஷியனிடம் என்ன சொல்ல வேண்டும்? (நாமக்கல் வாசகர்)

பதில்: கான்கிரீட்டுக்கு முன்னால் கேட்டீர்களே, உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். எல்லாரும் பெயின்ட் அடித்த பிறகுதான் கேட்பார்கள்.

எலக்ட்ரீஷியன் லைட்டுக்குப் போடும் முக்கால் இன்ச் பைப்பையே இதற்கும் போட்டுவிடுவார். எச்டிஎம்ஐ கேபிளின் தலை கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் அகலம், அந்தப் பைப்பில் நுழையாது, ஒரு இன்ச் பைப்பிலும் வளைவில் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அதனால் டிவி இருக்கும் சுவரிலிருந்து புரொஜெக்டர் தொங்கும் இடத்துக்கு ஒன்றரை இன்ச் பைப் போடச் சொல்லுங்கள். திருப்பங்களில் எல்போ வேண்டாம், நீண்ட பெண்ட் மட்டும். உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு இரண்டு முனையிலும் கட்டி வைக்கச் சொல்லுங்கள், நாளைக்கு வேறு கேபிள் வரும், அதை இழுக்க அந்தக் கயிறுதான் கை. கரண்ட் ஒயர் தனிப் பைப்பில், முடிந்த அளவு ஒரு அடி தள்ளிப் போகட்டும். ஒன்றாகப் போட்டால் மேலே கும்பகோணம் அம்மாவுக்கு வந்த கதை உங்களுக்கும் வரலாம்.

புரொஜெக்டர் வரைக்கும் பத்து மீட்டருக்கு மேல் போகும் என்றால் சாதாரணச் செம்புக் கேபிளில் 4கே திணறும், ஃபைபர் உள்ளே ஓடும் எச்டிஎம்ஐ வாங்க வேண்டும். அதற்குத் தலை வால் உண்டு. ஒரு முனையில் சோர்ஸ் என்றும் இன்னொன்றில் டிஸ்ப்ளே என்றும் போட்டிருக்கும். பைப்புக்குள் இழுப்பதற்கு முன்னால் தரையிலேயே இரண்டு பக்கமும் மாட்டிப் படம் ஓட்டிப் பார்த்துவிட்டு இழுங்கள். தலைகீழாக இழுத்துவிட்டு, பிறகு மறுபடியும் உருவி எடுத்த ஒரு மதியத்தை நான் மறக்கவில்லை. அன்று மே மாதம், மாடியில் ஃபேன் கூட இல்லை.

ஸ்பீக்கருக்கு: முன் மூன்றும் டிவிச் சுவரில், பின் இரண்டும் சோபாவில் உட்காருபவரின் காதுக்கு நேர் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ, காது மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. மூலையில் கூரையோடு ஒட்டித் தொங்கவிடுவது நம் ஊர் வழக்கம், அழகாக இருக்கும், சத்தம்தான் காதுக்கு வராமல் ஃபேனுக்குப் போகும். பத்து மீட்டர் வரைக்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் போதும். போக வர இருபது மீட்டருக்கு அதன் மின்தடை கால் ஓமைத் தொடாது. கூலிக்கு மிச்சம் பிடிக்கிறேன் என்று மெல்லிய அரை ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்டால் அதுவே முக்கால் ஓமை நெருங்கிவிடும், எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது கவனிக்க வேண்டிய அளவு. வூஃபருக்கு முன் இரண்டு மூலையிலும் ப்ளக் பாயின்டும் ஆர்சிஏ ஒயருக்கு ஒரு பைப்பும் விடுங்கள், எந்த மூலையில் நன்றாக உறுமும் என்பது வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்புறம் கான்கிரீட் கொட்டும் முன் எல்லாப் பைப்பையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் அளவு டேப்பை நீட்டி வைத்து.

கேள்வி: ப்ளூடூத்தில் டிவியை ஆம்போடு இணைத்தேன். வாய் அசைந்த பிறகு வசனம் வருகிறது. (காரைக்கால் வாசகர்)

பதில்: ப்ளூடூத் சத்தத்தைப் பொட்டலம் கட்டி அனுப்பிப் பிரிப்பதற்குள் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ ஓடிவிடுகிறது. பாட்டுக்குப் பரவாயில்லை, படத்துக்கு ஆகாது. ரிசீவர்களில் ஆடியோ டிலே என்று ஒன்று உண்டு, ஆனால் அது சத்தத்தைப் பிடித்து நிறுத்தத்தான், முன்னால் தள்ள அல்ல. டிவி படத்தை மெருகேற்றுவதில் நேரம் எடுத்து, சத்தம் முந்திக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் அது மருந்து. நீங்கள் ஒரு ஒயர் மாட்டிவிடுங்கள், முடிந்தது.

கேள்வி: வீட்டுக்கு வெள்ளையடிக்க எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப மாட்டினோம். எல்லா ஸ்பீக்கரும் பாடுகின்றன, ஆனால் முன்பு இருந்த கனம் இல்லை. பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவிக் கிடக்கிறார். மகன் "உங்க காதுதான்ப்பா" என்கிறான். (மதுரை வாசகர்)

பதில்: உங்கள் காது சரியாக இருக்கிறது, மகனிடம் இதைக் காட்டுங்கள். முன் ஸ்பீக்கர் ஒன்றில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கரின் கோன் முன்னால் வரும்போது இன்னொன்றின் கோன் பின்னால் போகிறது. ஒன்று தள்ளிய காற்றை இன்னொன்று இழுத்துக்கொள்வதால் தாழ்ந்த சத்தம் காணாமல் போய்விடும்.

எனக்கே நடந்ததுதான். இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் இருக்கும் ஒயரை வாங்கி, அடையாளக் கோடு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் மாட்டிவிட்டு, மூன்று மாதம் வூஃபர் சரியில்லை என்று அதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் தீர்த்து வைத்தது சுவர்க் கடிகாரத்தின் 1.5 வோல்ட் பேட்டரி. ஆம்பை அணைத்து, ஆம்ப் பக்கத்து முனையில் ஒயரை மட்டும் கழற்றுங்கள். எதைச் சிவப்பு என்று நினைத்து மாட்டியிருந்தீர்களோ அதைப் பேட்டரியின் ப்ளஸ்ஸிலும் மற்றதை மைனஸிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். ஸ்பீக்கரின் முன் துணியை எடுத்துவிட்டு இன்னொருவர் பெரிய கோனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "டப்" என்று ஒரு சத்தம், கோன் வெளியே வந்தால் சரி, உள்ளே போனால் மாறியிருக்கிறது. எல்லா ஸ்பீக்கருக்கும் செய்யுங்கள், பத்து நிமிட வேலை.

திரும்ப மாட்டும்போது ஒயர் நுனியை நன்றாக முறுக்கிச் செருகுங்கள். ஒரு முடி அளவு செம்பு இழை வெளியே நீட்டிப் பக்கத்து முனையைத் தொட்டால் ஆம்ப் ப்ரொடெக்ட் என்று காட்டி அணைந்துவிடும், அப்புறம் அதற்கு ஒரு கடிதம் எழுதுவீர்கள். கோனைப் பார்க்கும் வேலையை மகனுக்கே கொடுங்கள்.